ஷார்ஜாவில் தங்கை, டுபாயில் வெள்ளிக்கிழமை வகுப்பு

கேள்வி: என் தங்கை கொழும்பில் அரசாங்கப் பாடசாலையொன்றில் கணித ஆசிரியை. சம்பளமற்ற விடுமுறை எடுத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டுதான் ஷார்ஜாவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒன்றரை வருடமாகிறது. பின்னேரங்களில் தன் வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறாள். அதில் இரண்டு பேர் அவள் படிப்பிக்கும் வகுப்புப் பிள்ளைகளே. இப்போது டுபாயில் ஒரு ரியூசன் நிலையம் வெள்ளிக்கிழமைகளில் வரச்சொல்லிக் கேட்கிறது. "உங்களிடம்தான் விசா இருக்கிறதே, வேறொன்றும் தேவையில்லை, காசைக் கையில் தருவோம்" என்கிறார்களாம். போகலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: போகவேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கள். நிலையத்துக்காரர் சொன்ன அந்த ஒரு வசனம்தான் இந்த விஷயத்தில் ஆட்களை மாட்டிவைக்கிறது.

தங்கையிடம் இருப்பது இரண்டு விதமான அனுமதி. ஒன்று வதிவிட விசா. 2022 ஏப்ரலுக்குப் பிறகு அதைக் கடவுச்சீட்டில் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் அடையாள அட்டையோடு சேர்ந்துவிட்டது. மற்றது வேலை அனுமதிப்பத்திரம். முதலாவது நாட்டில் இருக்கலாம் என்கிறது. இரண்டாவது, இந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த வேலையைச் செய்யலாம் என்கிறது, அவ்வளவுதான். ஷார்ஜாவும் டுபாயும் அடங்கும் ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழில் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அங்கே யாரும் வேலை செய்யவும் முடியாது, யாரையும் வேலைக்கு வைக்கவும் முடியாது. அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கான தண்டப்பணத்தை 2024இல் ஒரு இலட்சம் திர்ஹம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை உயர்த்திவிட்டார்கள். அகப்பட்டால் நிலையம் தண்டம் கட்டும், கட்டிவிட்டுக் கடையையும் நடத்தும். உங்கள் தங்கைக்கோ விசா இரத்தாகி நாடுகடத்தப்படும் ஆபத்து இருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பக்கமும் பாருங்கள். அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு, முன்னறிவித்தல் கொடுக்காமலே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தக்கூடிய காரணங்களைச் சொல்கிறது. உரிய ஒழுங்குகளைப் பின்பற்றாமல் இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்வதும் அவற்றில் ஒன்று. எழுத்தில் விசாரணை நடத்தவேண்டும் என்பது உண்மை, ஆனால் நிலையத்தின் விளம்பரத்தில் தங்கையின் படம் இருந்தால் விசாரிக்க என்ன மிஞ்சப்போகிறது?

டுபாய் வேலை சரிவர வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பகுதிநேர வேலை அனுமதி என்று ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பிக்கவேண்டியது நிலையம், தங்கை அல்ல. ஷார்ஜாவில் 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்பதால் அவரைத் தேடி வருகிறார்கள் என்பது விளங்குகிறது. நல்லது, அப்படித் தேவையென்றால் அனுமதியை எடுத்துக்கொண்டு வரட்டும். அது கைக்கு வரும்வரை "ஒரு நாள் சும்மா வந்து பாருங்கள்" என்றாலும் போகக்கூடாது. அனுமதி எடுக்க மறுக்கிற நிலையம் உரிமம் இல்லாமலே நடக்கிறதோ என்றும் யோசிக்கவேண்டும்.

இனி வீட்டு ரியூசன். இதில்தான் கொஞ்சம் நல்ல செய்தி. 2023 டிசம்பரில் அங்குள்ள கல்வி அமைச்சும் தொழில் விவகாரங்களைப் பார்க்கும் மனிதவள அமைச்சும் சேர்ந்து தனியார் ஆசிரியர் அனுமதி ஒன்றை அறிமுகப்படுத்தின. பள்ளிக்கூட ஆசிரியர்களும் எடுக்கலாம். கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குச் செல்லும், மனிதவள அமைச்சின் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. மறுத்தால் திரும்பக் கேட்க ஆறு மாதம் காத்திருக்கவேண்டும், ஆகவே பத்திரங்களை அரைகுறையாகப் போட்டு அனுப்பவேண்டாம். நன்னடத்தைச் சான்றிதழ், உடற்தகுதிச் சான்றிதழ், நடத்தைக் கோவையில் ஒப்பம், வெள்ளைப் பின்னணியில் படம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கூடத்தின் ஆட்சேபனையில்லைக் கடிதம். கல்வி நிறுவனத்துக்கு வெளியே, தனியாகவோ குழுவாகவோ எடுக்கும் வகுப்புகளுக்குத்தான் இந்த அனுமதி. இதைக் காட்டி டுபாய் நிலையத்துக்குள் போகமுடியாது.

அந்தக் கடிதத்தில்தான் சிக்கல் வரும், ஏனென்றால் ஆறு பிள்ளைகளில் இரண்டு பேர் அவருடைய வகுப்பிலேயே இருக்கிறார்கள். வகுப்பில் விளங்காததை வீட்டில் காசுக்கு விளக்குவது எந்த ஊரிலும் அதிபருக்குப் பிடிக்காத சங்கதி. இங்கேயும் மேல் மாகாணத்தில் அதற்கெதிராகச் சுற்றறிக்கை வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும் முதலில் நிறுத்தட்டும். பிறகு நியமனக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்து, வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு அதிபரிடம் எழுத்தில் கேட்கட்டும். இதுவரை நடந்ததைப் பற்றிப் பொய் சொல்லவேண்டாம். கேட்காத கதையை எழுதவும் வேண்டாம். "அனுமதி எடுத்துக்கொண்டு, நமது பள்ளி மாணவர் அல்லாதோருக்கு" என்று தெளிவாக எழுதினால் போதும்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு ஸூமில் எடுத்தால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். பிள்ளை வெள்ளவத்தையில் இருந்தாலும் ஆசிரியை இருந்து உழைப்பது ஷார்ஜாவில். அனுமதி கிடைத்த பிறகு செய்யட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

பணியகத்தில் பதிந்தது பள்ளிக்கூட ஒப்பந்தத்தை. டுபாய் நிலையம் காசு கொடுக்காமல் ஏமாற்றினால் அந்தப் பதிவு அதற்கு உதவாது, அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு அங்கே முறைப்பாடு கொடுக்கப் போனால் தானே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் என் மேசைக்கு வரும் வளைகுடாக் கோவைகளில் பாதியில் இதுதான் கதை: கையில் தந்த காசு, எழுத்தில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தோடு பிரச்சினை வந்தால் மட்டும் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு இங்கிருந்து நீங்கள் அழைக்கலாம், அவர் டுபாயில் உள்ள நமது துணைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்குப் போகலாம்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் படத்தையும் பார்த்தேன். "பத்தாம் வகுப்புக் கணிதம், ஆறு இடங்கள் மட்டும்" என்று எழுதி, கீழே தங்கையின் இலக்கம். அதை இன்றிரவே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதத்துக்கு யாரிடமாவது முற்பணம் வாங்கியிருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அனுமதி வந்ததும் கூப்பிடுவதாகப் பெற்றோரிடம் சொல்லட்டும்.