சத்துப் பொடிக்கு மாதா மாதம் வட்டி

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறோம். கணவரின் சம்பளம் பிடித்தம் போக 58,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள மாமியார். சாப்பாட்டில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. ஏ2 பால் (ஏ2 வகைப் புரதம் மட்டும் உள்ளது என்று விற்கப்படுவது) தினமும் ஒன்றரை லிட்டர், லிட்டர் 110 ரூபாய். நாத்தனார் விற்கும் சத்துப் பொடி மாதம் மூன்று டப்பா, 6,600 ரூபாய். பொடிக்கான பணம் கிரெடிட் கார்டிலிருந்து தானாகப் போய்விடும். கார்டு பாக்கி இப்போது 1,40,000. மாதம் 7,000 தவறாமல் கட்டியும் குறையவில்லை. கார்டில் 18,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்து முகவராகச் சேர்ந்தால் 25 சதவீதம் தள்ளுபடி என்கிறார் நாத்தனார். ஃபிக்சட் டெபாசிட்டில் 90,000 இருக்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது பாலோ பொடியோகூட இல்லை. பாக்கி நிற்கிற கார்டிலேயே மறுபடியும் பொருள் வாங்கும் பழக்கம்தான்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். உங்கள் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,40,000 ரூபாய்க்கு 4,900. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக மொத்தம் ஏறக்குறைய 5,800. நீங்கள் கட்டும் 7,000 ரூபாயில் அசலுக்குப் போவது வெறும் 1,200. அதே மாதம் 6,600 ரூபாய்க்குப் பொடி ஏறிவிடுகிறது. பாக்கி குறையாததோடு நிற்கவில்லை, மாதம் 5,400 ரூபாய் கூடிக்கொண்டே போகிறது. பாக்கியைச் சுமந்துகொண்டிருக்கும் கார்டில் வட்டியில்லா நாட்களும் கிடையாது. பொடி வாங்கிய அன்றே அதற்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

தள்ளுபடி கணக்கையும் பாருங்கள். 6,600இல் 25 சதவீதம் 1,650 ரூபாய். அதைப் பெற, கையில் இல்லாத 18,000 ரூபாயைக் கார்டில் தேய்க்கச் சொல்கிறார். அந்த டப்பாக்களை யாரிடம் விற்பீர்கள்? உங்கள் அக்கா தங்கையிடமும் பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் வீட்டிலும்தான். இன்று நீங்கள் மறுக்க முடியாமல் தவிக்கும் இடத்தில் நாளை அவர்கள் நிற்பார்கள். இப்படி முகவர்கள் மூலம் நடக்கும் நேரடி விற்பனைக்கென்று 2021இல் வந்த விதிகள், சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. ‘பொருள் எடுத்தால்தான் சேர்க்கை’ என்று யார் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடுங்கள்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 500 கிராம் டப்பா, விலை 2,200. நூறு கிராமில் 36 கிராம் புரதம் என்றால் டப்பாவுக்கு 180 கிராம். ஒரு கிராம் புரதத்துக்கு 12 ரூபாய் கொடுக்கிறீர்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. விலை ஏழு ரூபாய் என்றாலும் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். பொட்டுக்கடலையில் ஒரு ரூபாய்கூட ஆகாது. புரதத்தின் தரத்தில் வித்தியாசம் உண்டு. அது இவ்வளவு விலை வித்தியாசத்துக்கு ஈடாகாது. சேர்பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். உங்கள் டப்பாவில் இரண்டாவதாக நிற்பது சர்க்கரை. இதைத்தான் சர்க்கரை நோயுள்ள மாமியாருக்குக் காலையில் கலக்கிக் கொடுக்கிறீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உழவர் சந்தையில் கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசுகிற நாம், 2,200 ரூபாய் டப்பாவை வாய் திறக்காமல் வாங்குகிறோம். பிள்ளைகளுக்கு ஏதாவது குறைந்துவிடுமோ என்ற பயம், விலை அதிகமென்றால் சத்தும் அதிகம் என்ற எண்ணம், விற்பவர் சொந்தக்காரர் என்ற நம்பிக்கை என மூன்றும் சேர்ந்துகொண்டால் டப்பாவைத் திருப்பிப் பார்க்கவே தோன்றுவதில்லை. ஆரோக்கிய உணவு விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கமே இல்லை. அந்தத் தலைப்பில் மால்ட் பானங்களை வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024இல் சொல்ல வேண்டியிருந்தது. ஏ2 என்று பாக்கெட்டில் எழுதுவதை நிறுத்தும்படி அதே ஆண்டு ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. இந்த நிலையில் இருக்கும் ஓர் எழுத்துக்காக இரட்டை விலை கொடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். செக்கு எண்ணெய், ராகி, கீரை எல்லாம் தாராளமாக வாங்குங்கள், கையில் இருக்கும் காசில்.

இனி செய்ய வேண்டியது. டெபாசிட்டை உடைத்து 90,000 ரூபாயையும் கார்டில் கட்டுங்கள். ஏழு சதவீத வட்டியில் அது ஆண்டுக்கு 6,300 சம்பாதிக்கிறது. அதே தொகைக்குக் கார்டில் ஜிஎஸ்டியோடு 44,000 ரூபாய்க்கு மேல் அழுகிறீர்கள். அவசரத்துக்கு என்று வைத்த பணம் என்பீர்கள். அவசரம் வந்துவிட்டது.

மீதி 50,000. பொடியை நிறுத்தினால் மாதம் 6,600 மிஞ்சும் என்று நினைத்துவிடாதீர்கள். அது கடன் வாங்கிய பணம், உங்கள் கையில் இருந்ததே இல்லை. உண்மையில் மிஞ்சுவது பாலில்தான். சாதாரணப் பாக்கெட் பாலுக்கு மாறினால் சுமார் 2,500 கிடைக்கும். அதையும் சேர்த்து மாதம் 9,500 கட்டினால் ஆறு மாதத்தில் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்து, ஏழாவது மாதம் சில நூறு ரூபாய்தான் நிற்கும். பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தருவதாகக் கார்டு நிறுவனம் கூப்பிடும், செயலிக் கடன்காரர்களும் கூப்பிடுவார்கள். எதற்கும் தலையாட்டாதீர்கள்.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வந்தால் அது மாமியார் வீட்டுச் சண்டையாகிவிடும். உங்கள் கணவரே தன் அக்காவிடம், “கடன் தீரும்வரை எதுவும் வாங்க முடியாது” என்று தெளிவாகச் சொல்லட்டும். அதற்கு முன், அடுத்த மாதப் பொடி கிளம்புவதற்குள், கார்டில் தானாகக் கழியும் ஏற்பாட்டை இன்றே ரத்து செய்துவிடுங்கள்.