லத்தீனோ பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்துவது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் மெக்சிகோ, எல் சால்வடார், குவாத்தமாலாவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெற்றோருக்குத் திராட்சைத் தோட்டத்திலும் பாதாம் தோப்பிலும் வேலை. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். இந்தப் பணியில் இறங்க நினைக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 12ஆம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பக் கட்டுரையிலிருந்து தொடங்கலாமா?

12ஆம் வகுப்பு என்றால் வேறு வழியில்லை தம்பி, தொடங்குங்கள். ஆனால் அடுத்த வருடம் 9ஆம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டு வாங்குங்கள். கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளும் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) "ஏ முதல் ஜி வரை" என்று ஒரு பாடப் பட்டியல் வைத்திருக்கின்றன. மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வேண்டும். டி வாங்கினாலும் பள்ளியில் பாஸ்தான், பள்ளி முடித்த சான்றிதழ் கிடைத்துவிடும். பல்கலைக்கழகம் அதை ஏற்காது. கணிதத்தில் பள்ளி முடிக்க மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம் 2 ஆண்டு, பல்கலைக்கழகம் கேட்பது 3 ஆண்டு. "பாஸ் ஆயிட்டேனே மிஸ்" என்று 12ஆம் வகுப்பில் வந்து நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் நேரத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது பழைய காயம். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தங்களைத் தொழிற்பயிற்சிக்கே தள்ளுகிறார்கள், கல்லூரிக்கான பாடங்களைக் கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களோடு நின்று, அதற்காகக் கைதும் ஆனார். உங்கள் மாணவனின் பாட அட்டவணையைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கே வருவதில்லை. படிப்பில் அக்கறை இல்லையோ?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர் உலர்திராட்சை அறுவடைக் காலம். மாலை 4 மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? நாங்கள் 7 மணிக்கு மாற்றினோம். ஸ்பானிஷில் பேசினோம், சாப்பாடு போட்டோம், சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொன்னோம். அறை நிறைந்தது.

இன்னொன்று. ஸ்பானிஷில் "எதுகாசியோன்" என்றால் பள்ளிப் படிப்பு மட்டும் இல்லை, நாம் "வளர்ப்பு" என்கிறோமே, அதுவும் சேர்ந்தது. "பியென் எதுகாதோ" என்றால் பெரியவர்களை மதிக்கத் தெரிந்த பிள்ளை. பாடம் சொல்வது வாத்தியார் வேலை, ஒழுங்காக வளர்ப்பது தங்கள் வேலை என்று நினைத்து அந்தப் பெற்றோர் ராப்பகலாக உழைக்கிறார்கள். அப்புறம், மதிப்பெண், பணம் பற்றிய பேச்சுக்குப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் சட்டக் கடமை.

நன்றாகப் படிக்கும் பெண். வெளியூருக்கு அனுப்ப அப்பா மறுக்கிறார். எப்படி வாதிடுவது?

வாதிடாதீர்கள், கூட்டிப் போய்க் காட்டுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2005இல் திறந்த மெர்சட் வளாகம் ஃப்ரெஸ்னோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஒரு அப்பா அங்கே விடுதிக் கதவின் பூட்டைத் திருகிப் பார்த்தார், சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தார், ஸ்பானிஷ் பேசும் மாணவிகளிடம் நாலு வார்த்தை பேசினார். திரும்பும் வழியில் "வாரக் கடைசியில் வருவாள்தானே?" என்று மட்டும் கேட்டார். எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. அந்தப் பெண்ணின் சம்பளத்தில் வாடகை போகலாம், தம்பி தங்கையை அவளே பார்த்துக்கொள்ளலாம். அப்போது வீட்டிலிருந்தே போகக்கூடிய ஃப்ரெஸ்னோ ஸ்டேட் (மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெஸ்னோ வளாகம்) நல்ல பதில்.

குடியேற்ற ஆவணம் இருக்கிறதா என்று மாணவரிடம் கேட்கலாமா?

கேட்காதீர்கள். எல்லா வழிகளையும் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள். யாருக்கு எது தேவையோ எடுத்துக்கொள்வார்கள். ஆவணம் இல்லை என்று பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2001இன் ஏபி 540 சட்டப்படி, பொதுவாக இங்கே 3 ஆண்டு படித்து உயர்நிலைப் பள்ளி முடித்தவர் மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமே கட்டலாம். மாநில உதவித்தொகைக்கு ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் இருக்கிறது. இதே சலுகையை 2001இல் நாட்டிலேயே முதலில் கொடுத்தது டெக்சஸ். 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் அது ரத்தாகிவிட்டது. அதனால் போன வருட விதியை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பிள்ளை இங்கே பிறந்து, பெற்றோருக்கு மட்டும் ஆவணம் இல்லையென்றால், மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் போட அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் பெற்றோர் விவரம் மத்திய அரசுக்குப் போகும். அந்தப் பயத்தை "ஒன்றும் ஆகாது" என்று தள்ளாதீர்கள். ஃபாஃப்ஸாவை விட்டு மாநில விண்ணப்பம் மட்டும் போடவும் இங்கே வழியுண்டு. ஆனால் மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடைக்காமல் போகும். முடிவு குடும்பத்துடையது. நாம் செய்ய வேண்டியது நல்ல குடியேற்ற வழக்கறிஞரிடம் சேர்ப்பது. "நொத்தாரியோ" என்று பலகை வைத்திருப்பவரிடம் போக விடாதீர்கள். லத்தீன் அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டம் படித்தவர் என்று பொருள். இங்கே நோட்டரி வெறும் கையெழுத்துச் சான்றளிப்பவர். இந்தக் குழப்பத்தில் சேமிப்பையெல்லாம் இழந்த குடும்பங்கள் உண்டு.

கட்டுரையில் பட்ட கஷ்டத்தை எழுதச் சொல்லலாமா?

அவர்களாக எழுத விரும்பினால் மட்டும். எல்லை தாண்டிய கதையை விற்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 8 கேள்வி கொடுத்து 4க்குப் பதில் கேட்கிறது, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். "நான் ஒண்ணுமே செய்யல" என்பார்கள். தோண்டிக் கேட்டால் பத்து வயதிலிருந்து அம்மாவுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்திருப்பார்கள். அதை எழுதச் சொல்லுங்கள். பிழையைத் திருத்துங்கள், குரலைத் திருத்தாதீர்கள்.

சமுதாயக் கல்லூரி என்றால் தோல்வியா?

இல்லவே இல்லை. 2 ஆண்டு அங்கே படித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், செலவும் குறைவு. 1981இல் ஹேவர்டின் சபோ கல்லூரியில் தொடங்கிய புயென்தே திட்டம் இதற்கென்றே வந்தது. புயென்தே என்றால் பாலம். அந்தத் திட்டம் உள்ள கல்லூரியா என்று பாருங்கள்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாதே?

"உஸ்தெத்" என்றால் நீங்கள், "தூ" என்றால் நீ. பெற்றோரிடம் எப்போதும் உஸ்தெத். மீதியை அவர்களே சொல்லித் தருவார்கள்.

அனுமதி வந்துவிட்டால் என் வேலை முடிந்ததா?

இங்கேதான் நான் ஒரு பிள்ளையைத் தவறவிட்டேன். மே மாதம் கேக் வெட்டினோம், ஆகஸ்டில் அவள் பொட்டலம் கட்டும் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதி முன்பணத்துக்கான மின்னஞ்சலைத் திறந்திருந்தாள், வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டாள். அந்தப் பணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதியே கேட்டிருக்கலாம், அது அவளுக்குத் தெரியாது. பள்ளி மூடியிருந்தது, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஜூன் முதல் வகுப்பு தொடங்கும் வரை திங்கள்தோறும் ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புகிறேன்: "இந்த வாரம் கல்லூரியிலிருந்து என்ன வந்தது? படம் எடுத்து அனுப்பு."