வாகனக் கேள்வி – பதில்: திருகோணமலையில் ஓடும் காருக்கு ஹீற்றர் எதற்கு?

கேள்வி: என் தகப்பனார் ஓட்டிய 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனரை மூன்று வருடங்களாகக் கையில் காசு சேரும்போதெல்லாம் திருத்தி வருகிறேன். பழைய 948 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, டட்சன் 1200 காரின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஏற்றியாயிற்று. அகலமான சில்லுகள் போட்டு, உடலையும் சற்றுத் தாழ்த்தியிருப்பதால் நண்பர்கள் இதை ‘ஹொட் ரொட்’ (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) என்கிறார்கள். டாஷ்போட் இன்னும் பூட்டவில்லை. பழைய காரில் ஹீற்றர் இருக்கவில்லை. இப்போது ஒன்று வைக்கலாமா என்று கேட்டதற்கு, “இந்த ஊர் வெயிலுக்கு ஹீற்றரா?” என்று மெக்கானிக் சிரிக்கிறார். மனைவியின் தாய்வீடு நுவரெலியாவில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறையாவது, பெரும்பாலும் ஜனவரியில், நான்கு பேராகப் போய் வருவோம். ஹீற்றர் வைப்பதா, விடுவதா?
– வாசகர், உவர்மலை

பதில்: உங்கள் மெக்கானிக்கின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. திருகோணமலையில் ஆண்டின் குளிர்ந்த காலமான ஜனவரி மாதத்து இரவிலும் வெப்பநிலை சராசரியாக 24 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுவது புதுமையன்று. இந்த ஊரில் உடம்பைச் சூடாக்குவதற்கென்று ஒரு கருவியைப் பூட்டுவது, வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவுக்குக் குடத்தில் வெந்நீர் சுமந்து போவதற்குச் சமம்.

மற்றப் பாதி, ஹீற்றரின் சூடான காற்று வெளிவரும் வாய்களைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வாய் காலடியில் திறக்கிறது. மற்றது முன்கண்ணாடியின் அடியில் திறக்கிறது. நம் ஊருக்கு வேண்டியது அந்த இரண்டாவது வாய்.

மாரி காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பர் மாதங்களில், இரவு மழையில் கந்தளாயிலிருந்து ஹபரணை நோக்கி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறோம்; உள்ளே நான்கு பேரின் மூச்சும், நனைந்த சட்டைகளும், காலடியில் ஈரமான பாயும் இருக்கின்றன; வெளியே மழைநீர் முன்கண்ணாடியைக் குளிர்விக்கிறது. சில நிமிடங்களில் உட்புறம் வெண்படலம் பூத்து, எதிரே வரும் லொறியின் விளக்கு ஒரு பெரிய மஞ்சள் வட்டமாகத் தெரிகிறது. அந்த வீதியில் யானை குறுக்கிடும் என்பதை நினைவில் வையுங்கள். யானைக்கு விளக்கும் இல்லை, அதன் நிறமும் இருட்டின் நிறமே. இளமையில் நான் ஒருமுறை பழைய பத்திரிகைத் தாளால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த வழியாக வந்து, அகலமான ஒரு நிழலுக்குப் பத்தடி முன்னால் பிரேக் பிடித்தேன். அது யானையன்று, நிறுத்தியிருந்த உழவு இயந்திரம். ஆனால் முழங்கால் நடுக்கத்துக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

இங்கே ஹீற்றர் செய்யும் வேலை எளிமையானது. 25 பாகையில் ஈரத்தால் நிறைந்திருக்கும் காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு பெருகிவிடுவதால் ஈரப்பதன் 60 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. அத்தகைய காற்று கண்ணாடியில் படும்போது படலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணாடியும் சற்றுச் சூடாவதால் மறுபடி படலம் பூப்பதில்லை. இதற்குப் பெரிய ஹீற்றர் தேவையில்லை. ஆனால் காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்பது மிக முக்கியம். மைனருக்கு முற்காலத்தில் விருப்பப் பொருளாக விற்கப்பட்ட வட்டமான ஹீற்றர், காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் வகையைச் சேர்ந்தது. நால்வரின் மூச்சு அதிலேயே சுழன்றுகொண்டிருக்கும். பிற்கால மைனர்களில் வெளிக்காற்றை எடுக்கும் ஹீற்றர் வந்தது. பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் இரண்டும் கிடைத்தால் பிந்தியதையே எடுங்கள்.

பற்றறியில் செருகும் சிறிய மின் ஹீற்றரை யாராவது பரிந்துரைத்தால் காசை மிச்சப்படுத்துங்கள். 12 வோல்ற்றில் 150 வாற் எடுக்கும் கருவி பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். அதிலிருந்து வரும் சூடோ தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் ஒரு சிறு பங்குதான். எஞ்சின் நீரில் இயங்கும் ஹீற்றர், எஞ்சின் எப்படியும் வெளியே வீசி எறியும் சூட்டைக் கிலோவாற் கணக்கில் தருகிறது. மின்சாரம் வேண்டியது விசிறிக்கு மட்டுமே. ஒரு எச்சரிக்கை: உங்கள் மைனர் பிறந்தபோது பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்திருந்தது. டட்சனின் ஒல்ற்றநேற்றருக்காக (மின்பிறப்பாக்கி) அதை மாற்றியிருப்பீர்கள். பழைய விசிறி மோட்டரைப் பூட்டுமுன் அது சரியான பக்கம் சுற்றுகிறதா என்று மேசையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ஏசி. படலம் பூப்பதைத் தடுப்பதில் ஏசி ஹீற்றரை விடச் சிறந்தது. ஏனெனில் அது காற்றிலிருந்து நீரையே பிரித்து வெளியே சொட்டவிடுகிறது. பழைய 948 சிசி எஞ்சினின் 37 குதிரைவலுவில் ஏசியை இயக்கும் கொம்பிரசருக்குப் பங்கு கொடுக்க மனம் வராது. உங்கள் 1171 சிசி டட்சன் எஞ்சின், மலையில் சற்று முனகினாலும், அதைச் சுமக்கும். என்றைக்காவது ஏசி வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போது தனி ஹீற்றர் வாங்க வேண்டாம். குளிரும் சூடும் ஒரே பெட்டியில் வரும் வகையைத் தேடி, டாஷ்போட்டுக்குக் கீழே அதற்கு இடம் விட்டுவிடுங்கள். டாஷ்போட் பூட்டிய பிறகு இந்த முடிவை எடுப்பவர்கள் எல்லோரும் அதைத் திரும்பவும் கழற்றியவர்களே.

ஏசி வேண்டாம் என்றால், சிறிய ஹீற்றர் ஒன்றைப் பூட்டுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் நம் ஊரில் அது பத்து மாதம் மூடிக் கிடக்கப்போகும் பொருள். ஆகவே மூடும் வால்வு நன்றாக இருக்க வேண்டும். அதுவும் எஞ்சினிலிருந்து சூடான நீர் வரும் குழாயில், எஞ்சின் பக்கமாகவே இருக்க வேண்டும். கசியும் வால்வு உள்ள ஹீற்றர், ஓகஸ்ற் மாத நண்பகலிலும் உங்கள் முழங்காலடியில் கொதிநீரைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும். “ஹீற்றர் வைத்தால் கார் அடுப்பாகிவிடும்” என்று நம் கராஜ்களில் சொல்லப்படுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த வால்வுதான். மீதிக்குக் காரணம், எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவேயுள்ள இடைத்தகட்டில் குழாய்களுக்காகப் போட்ட துளைகளை ரப்பர் வளையமிட்டு அடைக்காமல் விடுவது. எஞ்சினின் அனல் அவ்வழியே உள்ளே நுழைந்துவிடும்.

ஹீற்றரே வேண்டாம் என்று கடைசியில் முடிவெடுத்தாலும், எஞ்சினில் ஹீற்றருக்கென்று இருக்கும் இரண்டு நீர்வாய்களையும் யோசியாமல் அடைத்துவிடாதீர்கள். சில எஞ்சின்களில், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்கு நீரை விடாமல் மறிக்கும் தெர்மோஸ்டாற் திறக்கும்வரை நீர் சுழல்வதற்கு அந்த வழியும் பயன்படுகிறது. இரண்டு வாய்களையும் ஒரு குழாயால் வளைத்து இணைத்துவிடுவது எந்த எஞ்சினுக்கும் தீங்கு செய்யாது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகையை ஒட்டி இறங்கும், சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனியும் காணப்படும். ஆயினும் வருடத்துக்கு இரண்டு பயணங்களுக்காக மட்டும் என்றால் ஒரு ஸ்வெற்றர் போதும் என்றே சொல்வேன். புசல்லாவையைத் தாண்டி இறம்பொடை வளைவுகளில் மூடுபனிக்குள் ஏறும்போது, உள்ளே பூக்கும் படலமும் வெளியே நிற்கும் பனியும் ஒன்றுசேர்ந்தால் வீதியின் விளிம்பே தெரியாது. அங்கேயும் வேலை கண்ணாடிக்குத்தான்.

பாரத்தைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய போர்ட் கார்களை வேகத்துக்காக ஓட்டிய ‘ஹொட் ரொட்’ இளைஞர்கள், பாரம் குறைய வேண்டும் என்று மட்கார்ட்டிலிருந்து போனற் வரை கழற்றி எறிந்தார்கள். அவர்கள் ஓட்டியது மழையில்லாத வெளியில், தனி ஆளாக. நீங்களோ மனைவி மக்களோடு மாரியில் மலை ஏறுகிறீர்கள். நீரோடு சேர்த்துச் சில கிலோ எடையுள்ள ஹீற்றரை மிச்சப்படுத்துவதை விட, பின்பெட்டியில் நீங்கள் கொண்டுபோகும் கருவாட்டுப் பொதியைக் குறைத்தால் கார் இன்னும் இலகுவாக ஏறும்.

கேள்வி: மலை ஏறும்போது எஞ்சின் சூடேறினால் ஹீற்றரை முழுவதும் திறந்துவிடச் சொல்கிறார்களே, அது உண்மையா? சூட்டுக்கு மேல் சூடு எப்படிக் குளிர்விக்கும்?
– வாசகர், கிண்ணியா

பதில்: உண்மைதான். ஹீற்றரின் உள்ளே இருப்பது ஒரு சிறிய ரேடியேற்றர். விசிறியைக் கூட்டி அதைத் திறந்தால், எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி அதன் வழியாகக் காருக்குள் கொட்டப்படுகிறது. நீங்கள் வியர்த்து ஒழுகுவீர்கள், எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் ஊசி மெதுவாகக் கீழே இறங்கும். கண்ணாடிகளை இறக்கி வைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தக்கூடிய இடம் வரும்வரை இதைச் செய்யலாம். நீர் ஒழுகிப்போய் வற்றியிருந்தால் இது உதவாது. ஹீற்றரிலிருந்து சூடான காற்றுக்குப் பதிலாகக் குளிர்ந்த காற்று வருவதே நீர் இல்லை என்பதற்கு ஓர் அடையாளம். அப்போது உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பயணத்திலும் இப்படிச் செய்யவேண்டி வருகிறது என்றால் ரேடியேற்றர் போதவில்லை, அல்லது அடைத்திருக்கிறது. நம் கரையோரக் கிணறுகள் பலவற்றின் உவர்நீரை ஊற்றி ஓட்டும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். ஹீற்றரின் குழாய்கள் மிக ஒடுங்கியவை என்பதால் முதலில் அடைபடுவதும் துருப்பிடித்து ஒழுகுவதும் அவையே. ஒழுகினால் கொதிநீர் விழுவது ஓட்டுபவரின் பாதத்தில். உறைபனி நம் ஊரில் இல்லாவிட்டாலும், துருவைத் தடுப்பதற்காகவேனும், நீர் உறைவதையும் தடுக்கும் கூலண்ற் திரவத்தை ஊற்றுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய வொக்ஸ்வாகன் பீற்றில். அதில் நீரே இல்லையே. அதற்கு ஹீற்றர் எப்படி வேலை செய்கிறது? கடலோரத்தில் இருப்பதால் பாவிப்பதே இல்லை.
– வாசகர், நிலாவெளி

பதில்: புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி, அங்கே சூடான காற்றைக் காருக்குள் அனுப்புகிறார்கள். கடற்காற்றில் உள்ளிருக்கும் குழாய் துருவேறி ஓட்டை விழுந்தால், காற்றோடு கார்பன் மொனொக்சைட்டும் உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாவிப்பதில்லை என்று விட்டுவிடாமல், அந்தக் கூட்டை இறக்கிப் பரிசோதியுங்கள். ஓட்டை இருந்தால் அதை மாற்றும்வரை உள்ளே வரும் இரண்டு காற்றுவழிகளையும் இறுக அடைத்துவிட்டு, கண்ணாடியைச் சற்று இறக்கியே ஓட்டுங்கள்.