கன அயனி இழக்கும் ஆற்றலை அளப்பது எப்படி?

கேள்வி: மெல்லிய தகட்டுக்குள் புகுந்து வெளிவரும் கன அயனியின் (எடைமிக்க அணு மின்னூட்டம் பெற்றது) ஆற்றல் இழப்பை அறிய, தகடு இல்லாமல் ஒருமுறையும் தகட்டோடு ஒருமுறையும் சிலிக்கான் டிடெக்டரில் அளந்து கழித்தால் போதாதா?

பதில்: ஆல்ஃபா துகளுக்கு (ஹீலியம் அணுக்கரு) ஏறக்குறையப் போதும். அயோடின், தங்கம் போன்ற அயனிகளுக்குப் போதாது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான்–துளை இணை (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும்) உருவாக சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. அந்த இணைகளின் எண்ணிக்கைதான் நமக்கு மின் துடிப்பின் உயரமாகத் தெரிகிறது. கன அயனியின் ஆற்றலில் ஒரு பங்கு டிடெக்டரின் முகப்புப் படலத்திலும், சிலிக்கான் அணுக்கருக்களோடு மோதுவதிலும் போய்விடும். மிச்சத்தில் உருவாகும் இணைகளும் அடர்ந்த தடத்துக்குள்ளேயே ஓரளவு மறுபடி சேர்ந்துவிடும். எனவே ஆல்ஃபா மூலத்தால் அளவுதிருத்தம் செய்த டிடெக்டர், கன அயனியின் ஆற்றலைக் குறைத்தே காட்டும். இந்தக் குறைபாடு ஆற்றலுக்கு ஆற்றல் மாறுவதால், கழித்தாலும் மறையாது.

இதற்கு வழி, பறக்கும் நேரத்தை அளப்பதே. 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிக மெல்லிய கார்பன் படலங்களை வையுங்கள். அயனி ஊடுருவும்போது படலத்திலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை நுண்துளைத் தட்டு (எலக்ட்ரான்களைப் பன்மடங்காக்கும் கருவி) பெருக்கி, நேரக் குறியாகத் தரும். நியூக்ளியானுக்கு (ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 1 எம்.இ.வி. (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள அயனி நானோவிநாடிக்கு 1.39 செ.மீ. போகும். 1 மீட்டரைக் கடக்க 72 நானோவிநாடி ஆகும். நேரத்தில் 0.3 நானோவிநாடி பிசகினால் வேகத்தில் 0.4 சதவீதமும் ஆற்றலில் அதன் இருமடங்கும் பிசகும். இது ஒற்றை அயனிக்கான கணக்கு. ஆயிரக்கணக்கான அயனிகளின் சராசரி இதைவிட மிகத் துல்லியமாக வரும்.

சோதனைத் தகட்டை இரண்டாவது படலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவே வைக்க வேண்டும். முதலில் தகடு இல்லாமல் ஓட்டுங்கள். எந்த வேகத்துக்கு எந்தத் துடிப்பு என்பது அதே அயனிக்கே கிடைத்துவிடும். பிறகு தகட்டோடு ஓட்டினால், நுழையும் ஆற்றலை நேரமும் வெளிவரும் ஆற்றலைத் துடிப்பும் சொல்லும். இலக்கில் சிதறி, பல ஆற்றல்களில் வரும் அயனிகளைப் பயன்படுத்தினால் ஆற்றலுக்கு ஏற்ப இழப்பு மாறும் முழு வளைகோடும் ஒரே ஓட்டத்தில் கைக்கு வரும்.

டிடெக்டரும் தேயும். அணுப்பிளவுத் துண்டுகள் ச.செ.மீட்டருக்கு 3×10⁸ அளவில் விழுந்தாலே அதன் இயல்பு கெடத் தொடங்கும். தகடில்லா ஓட்டத்தை இடையிடையே திரும்பச் செய்யாமல் விடாதீர்கள்.

கேள்வி: தகட்டின் தடிமனை எப்படி நம்பகமாக அறிவது?

பதில்: பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம் இதுதான். மைக்ரானில் அளக்காமல், எடைபோட்டுப் பரப்பால் வகுத்து, ச.செ.மீட்டருக்கு இத்தனை மி.கி. என்று எழுதுங்கள். 1 மைக்ரான் அலுமினியத்தில் 2 செ.மீ. சதுரம் 1.08 மி.கி. மட்டுமே இருக்கும். தராசு 0.01 மி.கி. தவறினாலே 1 சதவீதம் போச்சு. ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. கூடுதலாக அளந்துவிட்டால் இன்னொரு 1 சதவீதம். கத்தரியால் வெட்டினால் ஓரம் பிசிறும்; அச்சு வைத்துத் துளைத்தெடுப்பதே நல்லது.

எடை தருவது முழுத் தகட்டின் சராசரி. அயனிக்கற்றையோ சில மி.மீ. இடத்தில்தான் படும். அதனால் அமெரிசியம்-241 மூலத்தின் 5.486 எம்.இ.வி. ஆல்ஃபாவைத் தகட்டின் பல புள்ளிகளில் செலுத்திப் பாருங்கள். டிடெக்டர் காட்டும் ஆற்றல் வரைபடத்தில் ஆல்ஃபாவின் முகடு இடத்துக்கு இடம் நகர்ந்தால் தடிமன் சீராக இல்லை. ஒரே இடத்தில் முகடு அளவுக்கு மீறி அகன்றால் சுருக்கமோ மேடுபள்ளமோ இருக்கலாம். தகடு வைத்த பின்னும் பழைய ஆற்றலிலேயே ஒரு சின்ன முகடு நின்றால், அது ஊசித்துளை. அந்தத் தகட்டை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: தடிமனைக் கூட்ட, தகட்டைச் சாய்த்து வைக்கலாமா?

பதில்: வேறு தகடு கிடைத்தால் வேண்டாம். நேராக வைத்த தகடு 2 டிகிரி சாய்ந்தாலும் பாதை 0.1 சதவீதம்கூட நீளாது. 45 டிகிரியில் அதே 2 டிகிரிப் பிழை 3.5 சதவீதமாகிவிடும். நுழையும் ஆற்றலில் 10 முதல் 20 சதவீதம் இழக்க வைக்கும் தகடாகத் தேர்ந்தெடுங்கள். இழப்பு மிகக் குறைந்தால் கழித்தலில் பிழை பெருகும். மிகக் கூடினால், கிடைக்கும் மதிப்பு (இழப்பைத் தடிமனால் வகுத்தது) எந்த ஆற்றலுக்கு உரியது என்பதே மங்கிவிடும். மதிப்பை நுழைந்த ஆற்றலுக்கு எதிரே குறிக்காமல், நுழைந்ததற்கும் வெளிவந்ததற்கும் நடுவே உள்ள ஆற்றலுக்கு எதிரே குறியுங்கள்.