செல்லும் உறுப்பு மண்டலமும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

குலசேகரம் பக்கம் ஒன்பதாம் கிளாஸ் படிக்கேன். செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம்னு வரிசை மனப்பாடமா தெரியும். ஆனா இதயம், நுரையீரல் படிக்கும்போ செல் வேற ஏதோ பாடம் மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்பா ரப்பர் பால்வெட்டு, அவியகிட்ட கேட்டேன், உங்களுக்கு எழுதிக் கேளுன்னு சொன்னாவ.

– ஒரு மாணவி

மக்களே,

அப்பாகிட்ட கேட்டதே சரியான இடம்தான், அவிய வெட்டுற பாலே செல்லுக்க உள்ள இருந்து வர்றதுதான். ரப்பர் மரத்துப் பட்டைல பால்குழல் உண்டும், வரிசையா நின்ன செல்லுகளுக்க நடுச்சுவர் கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேந்து உண்டானது அது. சிரட்டைல சொட்டுற பால் அந்த செல்லுகளுக்க சைட்டோபிளாசம், அதாவது செல்லுக்க உள்ள நிறைஞ்சிருக்குற கூழ், ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. வெளுப்பாங்காலத்துல ஏன் வெட்டுறாவ தெரியுமா, ராத்திரி இலை வழியா தண்ணி அதிகம் போகாது, செல்லெல்லாம் தண்ணி நிறைஞ்சு விம்மி நிக்கும், கத்தி பட்டதும் அந்த அழுத்தத்துல பால் பாயும், வெயில் ஏறினா விம்மல் குறையும், பாலும் குறையும். கத்தி ஆழமா போகாம சீவுறதும் செல்லுக்க காரியம்தான், புதுப்பட்டை உண்டாக்குற கேம்பியம்னு ஒரு மெல்லிசு அடுக்கு உள்ள இருக்கு, அதுல காயம் படப்பிடாது.

இனி அப்பாக்க உடம்புக்கு வா. அதுக்கு முன்னால அமீபாவ நினைச்சுக்க, ஒரே செல், சுத்தி தண்ணி, ஆக்சிஜன் சவ்வு வழியா நேரா உள்ள போயிரும், நுரையீரலும் வேண்டாம் இதயமும் வேண்டாம். ஆனா அப்பா மேடு ஏறும்போ தொடைத் தசைக்குள்ள இருக்குற ஒரு செல்லுக்கு ஆக்சிஜன் எப்படி வரும்? ஒரு பொருள் அதிகமா இருக்குற இடத்துலேருந்து குறைவா இருக்குற இடத்துக்குத் தானா போறதுதான் பரவல், அது சின்ன தூரத்துக்கு நல்ல வேகம், தூரம் 10 மடங்கு ஆனா நேரம் 100 மடங்கு ஆயிரும், அத மட்டும் நம்பியிருந்தா நாம யாரும் பிழைக்க முடியாது கேட்டியா.

சுவாசம், ரத்த ஓட்டம், செரிமானம் எல்லாம் இந்த தூரத்தைக் கடக்கத்தான். நுரையீரல் காத்த ரத்தத்துக்குப் பக்கத்துல கொண்டுவரும், குடல் நீ தின்ன மரச்சீனிய குளுக்கோஸா உடைச்சு ரத்தத்துல விடும், இதயம் தள்ளும். நம்ம உடம்புல பெரும்பாலான செல்லுகளுக்கு ஒரு 0.1 மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளயே ஒரு தந்துகி, அதாவது ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாய் இருக்கும், அங்கேருந்து செல்லுக்குள்ள போறது பழையபடி பரவல்தான், அமீபாவுக்கு நடந்த அதே காரியம். உள்ள போன ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் வச்சு செல்லுக்குள்ள இருக்குற மைட்டோகாண்ட்ரியா, செல்லு வேலை செய்யச் சக்தி குடுக்குற ஏடிபிங்கிற பொருள உண்டாக்கும், கார்பன் டை ஆக்சைடு வந்த வழியே திரும்பிப் போகும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சிவப்பணு. உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, அந்த இடமெல்லாம் ஆக்சிஜனப் பிடிச்சு வைக்குற ஹீமோகுளோபின். சுமக்குற ஆக்சிஜன தனக்குன்னு எடுக்காது, சுமார் 120 நாள் ஓடி முடியும், எலும்பு மஜ்ஜை வேற சிவப்பணு உண்டாக்கி அனுப்பும். இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைஞ்சு போவும்.

இனி எந்த மண்டலம் படிச்சாலும் அந்த தொடைச் செல்லுக்கு இது என்ன கொண்டுவருது, அதுகிட்டேருந்து என்னத்த எடுத்துட்டுப் போகுதுன்னு கேட்டுட்டே படி. நரம்பு மண்டலத்துக்கு மட்டும் பொருளுக்கு பதிலா சேதின்னு வச்சுக்க. சிறுநீரகத்துக்கு நீயே பதில் கண்டுபிடிச்சு எனக்கு எழுது, காத்திருக்கேன்.