பேக் ஃபில்டரின் பல்ஸ் வால்வு அடிக்கடி பழுதாகிறது. ரைட் ஆங்கிள் வகையை விட்டுவிட்டு சப்மெர்ஜ்டு வகைக்கு மாறலாமா?

கேள்வியைப் படித்தால், நீங்கள் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் என்றும், வால்வு விற்பவர் ஒருவர் புதிய வகைக்கு விலைப்புள்ளி கொடுத்துவிட்டார் என்றும், முதலாளி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்றும் தோன்றுகிறது. நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் மரப் பலகை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் பிட்டராக வேலை பார்த்தவன் நான்.

பேக் ஃபில்டர் என்பது தூசிக் காற்றைத் துணிப் பைகளில் வடிகட்டும் கருவி; பைகளில் ஒட்டிய தூசியை உதற, அழுத்தக் காற்றை ஒரு கணம் பாய்ச்சுவது பல்ஸ் வால்வு. முதலில் அதன் வகைகளைச் சொல்லிவிடுகிறேன். ரைட் ஆங்கிள் வால்வில் காற்று ஒரு பக்கம் நுழைந்து 90 டிகிரி திரும்பி, பைகளுக்கு மேலிருந்து காற்றை ஊதும் புளோ பைப்புக்கு இறங்கும். ஸ்ட்ரெய்ட் த்ரூ வகையில் நுழைவாயும் வெளிவாயும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். குழாய் அமைப்பு அப்படி இருக்கும் இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும். சப்மெர்ஜ்டு வால்வு, அழுத்தக் காற்றைச் சேர்த்துவைக்கும் ஹெட்டர் தொட்டியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியேறும் குழாய் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் காற்று தனி நுழைகுழாய் இல்லாமல் தொட்டியிலிருந்தே நேரடியாக அதில் பாய்கிறது, அழுத்த இழப்பு குறைவு, நீளமான பைகளுக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் அதற்கென்று செய்த ஹெட்டர் வேண்டும். இருக்கிற பழைய ஹெட்டரில் துளை போட்டு வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்; அது அழுத்தம் தாங்கும் கலன், நீர் அழுத்தச் சோதனை செய்யாமல் அதில் காற்றை ஏற்றக் கூடாது.

பலகையைத் தேய்த்து மழமழப்பாக்கும் எங்கள் சாண்டிங் மெஷினுக்கான தூசி சேகரிப்பானில் வரிசைக்கு 12 பைகள் வீதம் 8 வரிசைகள், வரிசைக்கு ஒன்றாக ஒன்றரை அங்குல ரைட் ஆங்கிள் வால்வுகள் 8 இருந்தன. ஓர் ஆனி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், வால்வுகள் ஒவ்வொன்றாக மூட மறுத்தன. உஸ் என்று காற்று ஓடிக்கொண்டே இருக்கும், ஹெட்டரில் அழுத்தம் ஏறாது, பைகள் உதறப்படாமல் தூசி படிந்து அடைத்துக்கொள்ளும். சாண்டிங் மெஷினில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்ததை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. பைகள் போதுமான அளவு உதறப்படவில்லை என்று நினைத்து மேலாளர் டைமரில் பல்ஸ் நேரத்தை 100 மில்லி விநாடியிலிருந்து 500க்கு உயர்த்தினார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. பையை உதறுவது வால்வு திறக்கும் கணத்தில் பாயும் அதிர்வுதான். அதற்குப் பிறகு போவதெல்லாம் வீண் காற்று. அடுத்த வரிசையின் முறை வருவதற்குள் கம்ப்ரசரால் ஹெட்டரை நிரப்ப முடியவில்லை.

விற்பனையாளர் வந்து பார்த்துவிட்டு, ரைட் ஆங்கிள் வகையே சரியில்லை, எல்லாவற்றையும் சப்மெர்ஜ்டாக மாற்றுங்கள் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு ஹெட்டரின் அடிப்பிளக்கைக் கழற்றினேன். துருவேறிய சிவப்புத் தண்ணீர் அரை வாளிக்கு மேல் வந்தது. வால்வுகளைப் பிரித்தால், காற்றின் பாதையை மூடித் திறக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழியவே இல்லை. அதிலுள்ள சிறு துளையைத் துருச்சேறு அடைத்திருந்தது. அந்தத் துளை வழியாகத்தான் மேல் அறையில் காற்று நிரம்பி டயாஃப்ரத்தை மீண்டும் கீழே அழுத்தும். துளை அடைத்தால் எந்த வகை வால்வும் மூடாது, சப்மெர்ஜ்டும் மூடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் கம்ப்ரசர் இழுக்கும் காற்றில் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஈரத்தை நீக்கும் ட்ரையர் இல்லாமல் அந்தக் காற்றை ஹெட்டரில் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

நான் சப்மெர்ஜ்டுக்கு எதிரானவன் என்று யாரும் கருத வேண்டாம். புதிதாக ஆலை அமைப்பவர் கேட்டிருந்தால், 3 மீட்டருக்கு மேற்பட்ட பைகள் என்றால் அதையே வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அடைபட்ட துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு, எங்களிடமும் இரண்டு டயாஃப்ரங்களை ஒருவர் அப்படிக் கெடுத்தார். துளை பெரிதானால், பைலட் என்ற சிறு மின்வால்வு மேல் அறையைக் காலி செய்வதற்குள் காற்று மீண்டும் நிரம்பிவிடும், வால்வு சரியாகத் திறக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி ஊதினால் போதும். போகாவிட்டால் டயாஃப்ரத்தையே மாற்றுங்கள். வாங்கும்போது அங்குலத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போடும் கொள்முதல் பிரிவினரிடம் மற்றதையும் எழுதிக் கொடுங்கள்: ஒன்றரை அங்குலமும் அதற்கு மேலும் என்றால் இரட்டை டயாஃப்ரம், வால்வு இருக்கும் இடத்தின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸுக்குள் என்றால் நைட்ரைல் ரப்பர், மேலே போனால் விட்டான் ரப்பர், பைலட்டை இயக்கும் காயிலின் வோல்டேஜ், மரத்தூள் போலத் தீப்பற்றும் தூசி என்றால் அதற்குத் தகுந்த பாதுகாப்புச் சான்று பெற்ற காயில். எங்களுக்கு ஒருமுறை 230 வோல்ட் டைமருக்கு 24 வோல்ட் காயில்கள் வந்து சேர்ந்தன. பொருத்தப்போகிறவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் முதலாளி ட்ரையர் வாங்கினார், நான் ஹெட்டரில் வடிகால் வால்வு வைத்தேன், ஷிப்டுக்கு ஒருமுறை திறந்துவிட ஆள் நியமித்தோம். அதே எட்டு ரைட் ஆங்கிள் வால்வுகளும் அடுத்த நான்கு ஆனி மாதங்களைத் தாண்டின. நீங்கள் விலைப்புள்ளியில் கையெழுத்திடும் முன்னால், காற்றை இறக்கிவிட்டு உங்கள் ஹெட்டரின் அடிப்பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.