உடல் இளைத்தது, வரன்கள் வருகின்றன, எனக்கு ஏன் கோபம் வருகிறது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 31 வயது. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு தொடக்கத்தில் எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி என்னும் இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது என் எடை 112 கிலோ, இப்போது 76 கிலோ. பி.சி.ஓ.டி. என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை காரணமாகத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த மாதவிலக்கு சீராகிவிட்டது, இரத்த அழுத்தமும் குறைந்துவிட்டது. மருத்துவர் மிகவும் மகிழ்ச்சியடைகிறார். நான் மகிழ்ச்சியாக இல்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த அறுவை சிகிச்சையை முடிவு செய்ததே என் திருமணத்தை மனத்தில் வைத்துத்தான். பல ஆண்டுகளாக வரன் பார்க்கிறார்கள். ஜாதகம் பொருந்தும், படிப்பும் வேலையும் பிடிக்கும். நேரில் வந்து பார்த்த பிறகு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்" என்று எழுந்து போவார்கள். சிலர் காரணத்தையும் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் போன பிறகு அடுக்களையில் மீந்திருக்கும் கேசரியையும் பஜ்ஜியையும் நான் நின்றபடியே சாப்பிட்டுத் தீர்ப்பேன். அம்மா பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார். அப்போதுதான் எனக்கு நெஞ்சு அடங்கும்.

இப்போது வரன்கள் தாமாகவே வருகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னை வேண்டாம் என்று சொன்ன ஒரு குடும்பம் சென்ற மாதம் மீண்டும் வந்தது. காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது மாப்பிள்ளையின் தாயார், "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் அம்மாவும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று இரவு பழையபடி அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் கேசரி சாப்பிட்டேன். சற்று நேரத்தில் படபடப்பும் வியர்வையும் வந்து, தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எனக்கென்று இருந்த அந்த ஒன்றும் இனி இல்லையே என்று நினைத்துத்தான் அன்று அழுதேன்.

துணிக்கடையில் இன்னமும் என் கை பெரிய அளவுச் சுடிதாரைத்தான் எடுக்கிறது. புடவையைக் களைந்தால் வயிற்றிலும் மேற்கைகளிலும் தோல் தொங்குகிறது. கணவர் என்று ஒருவர் வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று பயமாக இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்றும், டயட்டிலும் நடைப்பயிற்சியிலும் இளைத்ததாகச் சொல்ல வேண்டும் என்றும் அம்மா சொல்கிறார். முகூர்த்தத்துக்குள் இன்னும் ஐந்து கிலோ குறைந்தால் நல்லது என்கிறார். நானும் காலை உணவை விட்டுவிட்டேன். அவர் தம் நகைகளை அடகு வைத்துத்தான் மருத்துவமனைக்குப் பணம் கட்டினார். அப்படிப்பட்டவரிடம் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? நான் நன்றி கெட்டவளா? இதை மறைத்துத் திருமணம் செய்துகொள்வது சரியா? சில இரவுகளில் எதற்காக இதையெல்லாம் செய்துகொண்டேன் என்றே தோன்றுகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் படிப்பு, குணம், வேலை எதுவும் இந்த நான்கு ஆண்டுகளில் மாறவில்லை. மாறியது எடை மட்டுமே. அந்த ஒன்றை வைத்து உங்களைத் தள்ளியவர்கள், அதே ஒன்றை வைத்து இப்போது தேடி வருகிறார்கள். 112 கிலோவாக இருந்த பெண்ணை அவமதித்ததற்காக யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக இந்த வீட்டில் கோபப்படுவதற்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பாராட்டைக் கேட்டதும் எரிச்சல் வருவது உங்களுக்கு மட்டும் நேர்வதும் அன்று. இந்தச் சிகிச்சைக்குப் பின் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பலரும், "இத்தனை நாள் நான் இவர்கள் கண்ணில் படவே இல்லையா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

இனி, அடுக்களையில் நீங்கள் அழுததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதத்தின் மையம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன பிறகு நீங்கள் நின்றபடியே சாப்பிட்டது பசிக்காக அல்லவே. அவமானத்தைத் தாங்க உங்களுக்குக் கிடைத்த ஒரே துணையாக அந்தச் சாப்பாடு இருந்தது. அறுவை சிகிச்சை அந்தத் துணையை எடுத்துவிட்டது, அவமானத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. நெருங்கிய ஒருவரை இழந்தவர் படும் துயரத்துக்கு இது சற்றும் குறைந்ததில்லை. இரைப்பையின் அளவு சுருங்குவதால் என்ன நடக்கும் என்று விளக்குகிறவர்கள், இந்த இழப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அன்று வந்த படபடப்பையும் வியர்வையையும் டம்பிங் என்பார்கள். இனிப்பு மிகுந்த உணவு சுருங்கிய இரைப்பையில் தங்காமல் வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்குவதால் அப்படி நேர்கிறது. இரைப்பை பைபாஸ் என்னும் மற்றோர் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் இது அதிகம், ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கும் வரலாம். அடுத்த பரிசோதனையின்போது இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உணவு தந்த ஆறுதலின் இடத்தைப் பலர் அறியாமலே வேறொன்றால் நிரப்பிக்கொள்கிறார்கள். சிலருக்கு அது மதுவாகிறது, சிலருக்குக் கணக்கின்றிப் பொருள் வாங்குவதாகிறது. உங்களுக்கு அது எடை பார்க்கும் கருவியாகவும் பட்டினியாகவும் ஆகிவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

ஆகவே அந்த ஐந்து கிலோவைப் பற்றி அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: காலை உணவை இன்றே மீண்டும் தொடங்குங்கள். ஒரு வேளைக்கு மிகக் குறைவாகவே உண்ண முடிகிற இரைப்பையில், ஒரு வேளையை விட்டால் அந்தப் புரதத்தை வேறு வேளையில் ஈடுகட்ட இயலாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இரண்டு இட்லியும் சாம்பாரும் அதற்குப் பெரிதாக உதவா. முட்டை, மீன், பனீர், சோயா, தயிர், சுண்டல் என்று திட்டமிட்டுச் சாப்பிட்டால்தான் அந்த அளவை எட்ட முடியும். வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியிருக்கும். முதல் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை எடை வேகமாகக் குறைந்து, பிறகு ஓரிடத்தில் நிற்பதும், சிறிது திரும்ப ஏறுவதும் உடலின் இயல்பு. முகூர்த்த நாளை வைத்து உடலுக்குக் கெடு விதிப்பது ஆபத்தானது, உடலுக்கு அது புரியவும் புரியாது.

துணிக்கடையில் கை பழைய அளவைத் தேடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பல ஆண்டுகள் பெரிய உடலோடு வாழ்ந்த மனம், பேருந்து இருக்கையிலும் குறுகிய வாசலிலும் இன்னும் தன்னைப் பழைய அளவாகவே எண்ணி ஒதுங்கும். புதிய உடலை அது ஏற்றுக்கொள்ள, எடை குறைய ஆகும் காலத்தைவிடக் கூடுதல் காலம் ஆகும். தொங்கும் தோலின் நிலை வேறு. நீண்ட நாள் விரிந்து கிடந்த தோல் உடற்பயிற்சியால் முழுவதும் இறுகிவிடாது, அது உங்கள் சோம்பலின் அடையாளமும் ஆகாது. மடிப்புகளில் புண்ணோ அரிப்போ வந்தால் மருத்துவம் பாருங்கள். எடை நிலைத்த பிறகு விருப்பமிருந்தால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் ஆலோசிக்கலாம். கல்யாணத்துக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் மட்டும் இன்னொரு அறுவை சிகிச்சைக்குப் போகாதீர்கள்.

மறைப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். மறைக்கக்கூடாது என்பதே என் பதில். மறைக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திருமணம் முடிந்ததும் மறுவீடு தொடங்கி உறவினர் வீடுகளில் வரிசையாக விருந்து நடக்கும். தலைவாழை இலையில் பாயசமும் வடையும் விழ, "பொண்ணு கொறிக்குதே, இன்னும் கொஞ்சம் வை" என்று ஆளாளுக்குப் பரிமாறுவார்கள். நீங்கள் நான்கு வாய்க்கு மேல் உண்ண முடியாமல், சாப்பாட்டோடு தண்ணீரும் குடிக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். அவமதிக்கிறாள் என்று மாமியார் நினைப்பார், அல்லது பெரிய நோய் எதையோ மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நினைப்பார். குழந்தை விஷயம் அதைவிட முக்கியமானது. இந்தச் சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். உங்களுக்கு அந்தக் காலம் முடிந்திருந்தாலும், சத்துக் குறைபாடு ஏதும் இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே கருத்தரிப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது நம் ஊரில் வழக்கம். உங்கள் நிலையில் அது டம்பிங்கை உண்டாக்கக்கூடும் என்பதால் வேறு வழியில் பரிசோதிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்தில் கணவரும் மாமியாரும் இருக்கும்போது மகப்பேறு மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்லாமல் விடுவீர்கள்?

அதற்காகப் பெண் பார்க்க வந்த கூடத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையோடு தனியாகப் பேசும் வாய்ப்பு இப்போது பல வீடுகளில் கிடைக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு முன், அவரிடம் நீங்களே சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். "எனக்கு உடல்பருமனும் பி.சி.ஓ.டி.யும் இருந்தன, அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன், நலமாக இருக்கிறேன், உணவில் இன்னின்ன கட்டுப்பாடுகள் வாழ்நாள் முழுதும் உண்டு" என்று, பித்தப்பைக் கல்லுக்குச் சிகிச்சை எடுத்ததைச் சொல்வது போலவே சொல்லுங்கள். வேறு கேள்விகள் கேட்டால் பதில் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் விலகினால், உங்கள் மனம் புண்படும்தான். தாலி கட்டிய பிறகு தெரிந்து அவர் முகம் மாறுவதோடு ஒப்பிட்டால் அது சிறிய வலி.

திரும்பி வந்த குடும்பத்தை ஏற்பதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். பழி தீர்க்கவேண்டும் என்று மறுக்கவும் வேண்டாம், வந்ததே பெரிது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்றது மாப்பிள்ளையின் முடிவா, பெற்றோரின் முடிவா என்று அவரிடமே கேளுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எடை ஏறினால் என்ன நினைப்பீர்கள் என்றும் கேளுங்கள். பெண் இப்படிக் கேட்கலாமா என்பார்கள், தாராளமாகக் கேட்கலாம். அவசரமும் காட்டாதீர்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஓர் ஆய்வின் தரவுகளையும் அந்நாட்டின் வேறு பதிவுகளையும் வைத்து 2018-இல் வெளியான கட்டுரை ஒன்று, இந்தச் சிகிச்சைக்குப் பின் தனியாக இருந்தவர்களுக்குத் திருமணமோ புதிய உறவோ அமைவதும், ஏற்கெனவே உறவில் இருந்தவர்கள் பிரிவதும், சிகிச்சை செய்துகொள்ளாதவர்களைவிட அதிகமாக இருந்ததைக் காட்டியது. உடல் மாறும்போது உறவுகளும் இடம் மாறுகின்றன. அந்த அசைவு அடங்கும்வரை ஓர் ஆண்டு காத்திருந்தால் 31 வயதில் எதுவும் கெட்டுவிடாது.

அம்மாவின் நகைகளைப் பற்றி: அவர் செய்தது பெரிய தியாகம், அதற்கு உங்களுக்கு நன்றி இருப்பது கடிதம் முழுவதும் தெரிகிறது. நன்றியும் கோபமும் ஒரே ஆள்மீது, ஒரே வேளையில் வரும். நகையை மீட்க உங்கள் சம்பளத்தில் மாதம் ஒரு தொகை எடுத்து வையுங்கள். அந்தக் கடன் அப்படித்தான் தீர வேண்டும், நீங்கள் ஒரு மணமேடையில் உட்கார்ந்து தீர்க்கக்கூடாது. கேசரியை நீங்கள் நின்றபடி சாப்பிட்ட நாள்களில் அவர் பாராததுபோல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அவர் அப்படி இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அன்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தபோது அவரும் சிரித்தது உங்களுக்கு எப்படி வலித்தது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தையே கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரி.

இரவில் வரும் எண்ணங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதை நான் அலட்சியமாகக் கடக்க மாட்டேன். இந்தச் சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு பலருக்குக் குறைகிறது. சிலருக்கு ஓராண்டுக்குப் பிறகு திரும்ப வருகிறது, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் கூடுவதையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. "எதற்காகச் செய்துகொண்டேன்" என்பது "எதற்காக இருக்கிறேன்" என்று எந்த இரவிலாவது மாறினால், விடியும்வரை காத்திராமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அப்படி மாறாவிட்டாலும் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, எடையைச் சொல்வதற்கு முன் "நான் மகிழ்ச்சியாக இல்லை" என்று மருத்துவரிடம் சொல்லி, மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அன்று அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், ஐந்து கிலோ பற்றிய பேச்சுக்கு அவர் மருத்துவரின் வாயாலேயே பதில் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்